தாமதம் ஒரு குற்றமா? – ஓட்டிசமுடைய வளர்ந்தோரின் அன்றாடக் கருமங்கள் பற்றிய ஓர் ஒழுக்கவியல் நோக்கு

குறித்த ஒரு கருமத்தைக் குறித்த நேரத்துள் முடிப்பவனைச் சமுதாயம் மதிக்கிறது. முடிக்காதவனைச் சோம்பேறி எனப் பழிக்கிறது. 'சோம்பேறி' என்னும் சொல் ஒருவனது வேகத்தை அளந்து கூறுவதோடு அமைவதில்லை. அவனது ஒழுக்கத்தின்மீது வழங்கப்படும் தீர்ப்பாகவும் அமைகிறது. காலிலே ஊனமுற்ற ஒருவர் படியேறத் தாமதித்தால் எவரும் அவர்மீது இத்தீர்ப்பை வழங்குவதில்லை. ஆனால், உடலுறுப்புக்கள் யாவும் குறைவின்றி அமைந்த ஒருவர், படித்தவரும் பேச்சிலே தெளிவுடையவருமான ஒருவர், குளித்து உடுத்து வெளியே புறப்படுவதற்கு மூன்று மணித்தியாலம் எடுப்பாராயின், அவர்மீது அது உடனேயே வழங்கப்பட்டுவிடுகிறது. ஓட்டிசமுடைய வளர்ந்தோர் பலரின் வாழ்க்கை இத்தீர்ப்பின் நிழலிலேயே கழிகின்றது. அன்றாடக் கருமங்களை நியாயமான நேரத்துள் முடிக்க இயலாமை அவர்களது குற்றமா? அந்த நியாயமான நேரத்தை வகுத்தவர் யாவர்? தாமதத்தின் சுமையை எவர் தாங்குதல் நீதியாகும்? இம்மூன்று வினாக்களும் ஈண்டு ஆராயப்படுகின்றன.

ஓட்டிசம் என்னும் பெயர் 'தான்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் அடியாகப் பிறந்தது. சுவிற்சலாந்து உளமருத்துவரான யூஜின் புளூலர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேறொரு உளநோயின் கூறு ஒன்றைக் குறிப்பதற்காக இச்சொல்லை ஆக்கினார். 1943இல் ஐக்கிய அமெரிக்காவில் லியோ கனர் 11 சிறுவர்களைப் பற்றி எழுதிய கட்டுரையும், 1944இல் வியன்னாவில் ஹான்ஸ் அஸ்பேர்கர் வெளியிட்ட கட்டுரையும் இதனைத் தனியொரு நிலையாக இனங்காட்டின. தொடக்கத்தில் இது குழந்தைப் பருவத்துக்குரியதாகவே கொள்ளப்பட்டது. 1980இல் வெளிவந்த அமெரிக்க உளமருத்துவ வகைப்பாட்டு நூலின் மூன்றாம் பதிப்பு இதற்கு இட்ட பெயரிலும் குழந்தைமை என்னும் அடைமொழி இருந்தது. ஆனால், குழந்தைகள் வளர்ந்து முதியோராகின்றனர். கனர் தமது கட்டுரையில் முதலாவதாக விவரித்த சிறுவனாகிய டொனால்ட் டிரிப்லெற், மிசிசிப்பி மாநிலத்திலே போறெஸ்ற் என்னும் சிற்றூரில் வங்கியொன்றிற் பல்லாண்டு பணிபுரிந்து 2023இல் தமது 89ஆவது வயதிற் காலமானார். ஓட்டிசம் வளர வளர மறைந்துபோகும் குழந்தை நோயன்று. வாழ்நாள் முழுவதும் தொடரும் ஒரு வளர்ச்சி அமைப்பு ஆகும். 2013இல் வெளிவந்த அவ்வகைப்பாட்டு நூலின் ஐந்தாம் பதிப்பு இதனை ஒரு நிறமாலையாக உருவகித்துப் பெயரிட்டது. ஒருவரிற் பேச்சுக் குறைந்தும் ஒருவரிற் பேச்சு நிறைந்தும், ஒருவரில் ஒலி பொறாமை மிக்கும் ஒருவரில் மாற்றம் பொறாமை மிக்கும் இது காணப்படலாம் என்பது அதன் கருத்து. தமிழில் இதனை 'மதியிறுக்கம்' எனவும் வழங்குவர். இவர்களது மதி இறுகியது என்று கொள்வதற்கு ஆதாரம் இல்லையாதலின் ஓட்டிசம் என்னும் சொல்லே ஈண்டு ஆளப்படுகிறது.

இவ்விடத்திற் கருத்திற் கொள்ளவேண்டிய உண்மையொன்று உண்டு. நுண்மதிச் சோதனைகளில் சராசரிப் புள்ளியோ அதற்கு மேற்பட்ட புள்ளியோ பெறும் ஓட்டிசமுடையோரிற் பலர், சமைத்தல், துவைத்தல், பணத்தைக் கையாளுதல், உடலைத் துப்புரவு செய்தல் முதலிய அன்றாடத் திறன்களில் அப்புள்ளி தரும் எதிர்பார்ப்பிலும் மிகத் தாழ்ந்து நிற்பதனை ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன. 'இவ்வளவு படித்தவனுக்கு இது முடியாதா?' என்னும் வினா இந்த இடைவெளியிலிருந்தே பிறக்கிறது. படிப்பும் அன்றாடத் திறனும் ஒரே வேரிலிருந்து முளைப்பவை என்னும் எடுகோள் அவ்வினாவினுள் மறைந்து கிடக்கிறது. அவ்வெடுகோள் பிழையானது.

தாமதம் எங்கே தோன்றுகிறது என்பதனை ஓர் எடுத்துக்காட்டினால் விளக்கலாம். 'குளித்தல்' என்பது மொழியில் ஒரு சொல். செயலிலோ அது நீண்டதொரு சங்கிலி. செய்துகொண்டிருக்கும் வேலையை முதலில் விடவேண்டும். பின்னர் எழவேண்டும், மாற்றுடையைத் தெரிவு செய்யவேண்டும், துவாயைத் தேடி எடுக்கவேண்டும், வரண்ட உடலின்மீது குளிர்ந்த நீர் விழும் அதிர்ச்சியைத் தாங்கவேண்டும், சவர்க்காரம் இட்டு, கழுவி, துவட்டி, ஈரம் முற்றாக உலராத தோலின்மீது துணி ஒட்டும் உணர்ச்சியையும் பொறுத்து உடுக்கவேண்டும். பெரும்பாலோரில் இச்சங்கிலியைப் பழக்கம் இழுத்துச் செல்கிறது. அவர்கள் ஒவ்வொரு கண்ணியையும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஓட்டிசமுடைய பலரில் ஒவ்வொரு கண்ணியும் தனித்தனி முடிவொன்றை வேண்டி நிற்கிறது. துவாய் வழக்கமான இடத்தில் இல்லையாயின், அல்லது இடையில் எவரேனும் கதவைத் தட்டுவாராயின், சங்கிலி அறுந்துவிடுகிறது. அறுந்த இடத்திலிருந்து தொடர்தல் எளிதன்று. சிலருக்கு முதற் கண்ணியிலிருந்தே மீளத் தொடங்கவேண்டியிருக்கும். குளித்து முடிந்தபின் அடுத்த கருமத்தைத் தொடங்குமுன் களைப்பாறுதலும் வேண்டும். இவ்வாறு நோக்குமிடத்து, மூன்று மணித்தியாலம் என்பது மூன்று மணித்தியாலக் குளிப்பு அன்று. தொடங்க முயன்ற நேரம், அறுந்த நேரம், மீண்ட நேரம், களைப்பாறிய நேரம் ஆகியவற்றின் கூட்டுத்தொகையே அது.

இதன் காரணங்களை உளவியலாளர் பலவாறு விளக்குவர். 1991இல் ஒசொனொவ், பெனிங்ரன், றொஜேர்ஸ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு, திட்டமிடல், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மனத்தைத் திருப்புதல் ஆகிய செயலாட்சித் தொழிற்பாடுகளில் ஓட்டிசமுடையோர் இடர்ப்படுவதனை எடுத்துக்காட்டிற்று. 2005இல் டைனா மறேயும் அவருடன் இணைந்தோரும் வேறொரு விளக்கத்தை முன்வைத்தனர். ஓட்டிசமுடையோரின் கவனம் ஒரு வேளையில் ஒரே வாய்க்காலில் முழுவேகத்துடன் பாய்வது. பிறரின் கவனமோ பல வாய்க்கால்களிற் பிரிந்து ஓடுவது என்பது அவ்விளக்கத்தின் சாரம். ஒரே வாய்க்காலிற் பாயும் நீரைத் தடுத்து வேறு வாய்க்காலுக்குத் திருப்புதற்கு மிகுந்த முயற்சி வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும். 2021இல் மன்செஸ்ரர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஓட்டிசமுடைய வளர்ந்தோரையே நேரிற் கேட்டு வெளியிட்ட ஆய்வொன்று, 'சடத்துவம்' எனத் தாமே பெயரிட்டு அவர்கள் வழங்கும் அனுபவத்தை ஆராய்ந்தது. எழ விரும்பியும் எழ முடியாமை, தொடங்க விரும்பியும் தொடங்க முடியாமை, தொடங்கியபின் நிறுத்த முடியாமை என்பன அவ்வனுபவத்தின் கூறுகள். ஓய்விலுள்ள பொருள் ஓய்விலும் இயக்கத்திலுள்ள பொருள் இயக்கத்திலும் தொடரும் என்னும் பௌதிகவியற் கருத்திலிருந்தே அப்பெயர் எடுக்கப்பட்டது. சிலரில் இந்நிலை மேலும் கடுமையாகும். 2000ஆம் ஆண்டில் லோர்ணா விங்கும் அமிதா ஷாவும் வெளியிட்ட ஆய்வின்படி, சிறப்பு நிலையமொன்றுக்கு அனுப்பப்பட்ட 15 வயதும் அதற்கு மேற்பட்டோருமான ஓட்டிசமுடையோருள் 17 வீதத்தினரிடம், அசைவிலும் பேச்சிலும் மிகுந்த மந்தம், செயலைத் தொடங்கவும் முடிக்கவும் இயலாமை, பிறரின் தூண்டுதலிலே தங்கியிருத்தல் என்னும் கூறுகள் கடுமையாகக் காணப்பட்டன. முன்பு இயன்றவை ஒருவருக்குத் திடீரென இயலாமற் போகுமிடத்து அது மருத்துவரின் கவனத்துக்குரியது, கண்டிப்புக்குரியது அன்று.

ஆயினும், விஞ்ஞான விளக்கம் ஒழுக்கவியல் வினாவைத் தானாகவே தீர்த்துவிடுவதில்லை. 'காரணம் எதுவாயினும் ஆகுக. முயன்றால் முடியும் அல்லவா?' என்று கேட்பவர் இன்னும் கேட்டுக்கொண்டே இருப்பர். அவர்களின் கேள்விக்கு வலிமை தரும் காட்சியும் ஒன்று உண்டு. ஒரு கோப்பையைக் கழுவுவதற்கு அரைநாள் தயங்கும் அதே மனிதர், தமக்கு ஈடுபாடுள்ள புகைவண்டி நேரசூசியிலோ மொழியிலக்கணத்திலோ உணவையும் மறந்து எட்டு மணித்தியாலம் மூழ்கியிருப்பார். அதனைச் செய்ய முடிந்தவருக்கு இதனைச் செய்ய முடியாதா என்னும் ஐயம் வீட்டாருக்குத் தோன்றுதல் இயல்பே. ஆனால் ஒரே வாய்க்கால் உவமையை நினைவுகூர்ந்தால் இம்முரண் மறைகிறது. எட்டு மணித்தியாலம் விடாது பாயச்செய்யும் அமைப்பே, கோப்பையை நோக்கித் திரும்பவும் தடையாகின்றது. இரண்டும் ஒரே குணத்தின் இரு முகங்கள். ஒன்றைத் திறமை எனப் போற்றி மற்றதனைக் குற்றம் எனத் தூற்றுதல் பொருந்தாது.

புகழுக்கும் பழிக்கும் உரியவை ஒருவன் தானே விரும்பிச் செய்யும் செயல்களே என்பது அரிஸ்ரோட்டில் தமது ஒழுக்கவியல் நூலில் வகுத்த கொள்கை. வெளியிலிருந்து வந்த வலுவந்தத்தாலும் அறியாமையாலும் நிகழ்பவற்றை அவர் இவற்றினின்றும் விலக்கினார். நல்லது இன்னதென அறிந்தும் ஆசையால் இழுபட்டு அதற்கு மாறாக நடப்பவனது மனத்தளர்ச்சியையும் அவர் தனியே ஆராய்ந்தார். ஓட்டிசமுடையவரின் தாமதம் இவ்வகைகளுள் எதனுட் படும்? வெளியே நின்று எவரும் அவரைத் தடுக்கவில்லை. செய்யவேண்டியது எது என்பதை அவர் அறியாதவரும் அல்லர். மனத்தளர்ச்சி எனக் கொள்வதற்கும் இடமில்லை. ஏனெனில், அவரை இழுக்கும் எதிர் ஆசை எதுவும் அங்கு இல்லை. கட்டிலின் விளிம்பில் அமர்ந்து, எழவேண்டும் எழவேண்டும் எனத் தமக்குள்ளே சொல்லியபடி ஒரு மணித்தியாலத்தைக் கழிப்பவர் அந்த ஒரு மணித்தியாலத்தில் எந்த இன்பத்தையும் நுகர்வதில்லை. விருப்பம் உண்டு, விருப்பத்துக்கும் செயலுக்கும் இடையிலுள்ள பாலம் இல்லை. சோம்பலின் இலக்கணத்தோடு இதனை ஒப்பிட்டு நோக்கினால் வேறுபாடு தெளிவாகும். திருவள்ளுவர் மடியின்மை என்னும் அதிகாரத்திலே கண்டிக்கும் மடி, இருப்பதிலே சுகங்காணும் மடி. அதனை உடையவன் அதனை விரும்பியே வைத்துக்கொள்கிறான். ஓட்டிசமுடையவரின் அசையாமையோ அவர் விரும்பாத ஒன்று. வெளியே ஓய்வு போலத் தோன்றும் அந்நிலை உள்ளே கடும் உழைப்பாகும். ஆகவே, சோம்பல் என்னும் சொல் இங்கு கடுமையான சொல் என்பதனால் அன்று, பிழையான சொல் என்பதனாலேயே விலக்கத்தக்கது.

செய்யவேண்டும் என்று ஒருவனைப் பணிப்பது அவனாற் செய்யமுடியும் என்பதனை முற்கோளாகக் கொண்டது என்பது கான்ற் என்னும் ஜேர்மனிய மெய்யியலாளரோடு தொடர்புபடுத்திக் கூறப்படும் கொள்கை. இதற்கு எதிராக, 'நேற்று அரைமணித்தியாலத்திற் புறப்பட்டவருக்கு இன்று ஏன் முடியாது?' என வினவப்படுவதுண்டு. நேற்று ஒருவேளை ஒரு நெருக்கடி அவரை உந்தியிருக்கலாம். அதற்கான விலையை மாலை முழுதும் படுத்திருந்து அவர் செலுத்தியும் இருக்கலாம். நாய் துரத்தியபோது மதிலைத் தாண்டியவனை நாள்தோறும் மதிலைத் தாண்டியே வேலைக்குச் செல்லுமாறு எவரும் பணிப்பதில்லை. 'முடியும்' என்னும் சொல்லுக்கு ஒருமுறை முடிந்தது என்பதன்று, நாள்தோறும் தாங்கக்கூடிய விலையில் முடிகிறது என்பதே வாழ்க்கைக்குப் பொருந்தும் பொருள்.

இனி, இரண்டாவது வினாவுக்கு வரலாம். தாமதம் என்பது ஓர் ஒப்பீடு; ஏதோ ஓர் அளவுகோல் இல்லாமல் எதுவும் தாமதமாவதில்லை. அந்த அளவுகோலின் வரலாற்றை ஆங்கிலேய வரலாற்றாசிரியர் இ. பி. தொம்சன் 1967இல் வெளியிட்ட கட்டுரையொன்றில் ஆராய்ந்தார். கைத்தொழிற் புரட்சிக்கு முற்பட்ட உழவரும் மீனவரும் கைவினைஞரும் வேலையைக் கொண்டே நேரத்தை அளந்தனர். பசு கறந்து முடியும்வரை ஒரு பொழுது, கடல் வற்றும்வரை ஒரு பொழுது. தொழிற்சாலை தோன்றியபின் நேரத்தைக் கொண்டு வேலை அளக்கப்படலாயிற்று. மணியோசையும் தண்டப்பணமும் பள்ளிக்கூட ஒழுங்கும் சேர்ந்து மக்களின் உள்ளத்திலேயே ஒரு கடிகாரத்தைப் பொருத்தின. 1911இல் நூலாக வெளிவந்த பிரெடெரிக் ரெய்லரின் முகாமைக் கோட்பாடு இதனை மேலும் நுணுக்கியது. நிறுத்தற் கடிகாரத்தைக் கொண்டு ஒவ்வோர் அசைவும் அளக்கப்பட்டது. சிறந்த தொழிலாளியின் வேகம் ஏனையோருக்கு அளவாக்கப்பட்டது. இலங்கையிலும் இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்லவேண்டியதில்லை. மலையகத் தேயிலைத் தோட்டங்களிலே நாளொன்றுக்குப் பறிக்கவேண்டிய கொழுந்தின் நிறை விதிக்கப்பட்டு, அதனை எட்டாத பெண்ணுக்கு 'அரைப்பேர்' இடப்படும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. முழுநாளும் மலையில் நின்றவள் அரைநாள் உழைத்தவளாகக் கணக்கிற் பதியப்பட்டாள். உழைப்பும் அளவுகோலும் ஒன்றல்ல என்பதற்கு இதனினும் தெளிவான விளக்கம் வேண்டுவதில்லை. ஓட்டிசமுடைய வளர்ந்தோர் தம் வீட்டினுள்ளேயே அரைப்பேர் இடப்படுவோராவர்.

எனினும், இவ்வரலாற்றைக் கொண்டு கடிகாரம் முழுவதும் முதலாளித்துவத்தின் சூழ்ச்சி என முடிவுகட்டுதல் அவசரமாகும். 'மெல்லச் செய்வதே அழகு' என்று தாமதத்தைப் பாடிப் புகழ்தலும் பொருந்தாது. கட்டிலின் விளிம்பில் அமர்ந்திருப்பவருக்கு அது அழகாகத் தோன்றுவதில்லை. அன்றாடக் கருமங்களைக் கட்டுப்படுத்தும் காலத்தை மூன்றாகப் பிரித்து நோக்குதல் இங்கு பயன்தரும். முதலாவது, பொருளின் காலம். அடுப்பிலிட்ட பால் எவருக்காகவும் பொங்காமற் காத்திருப்பதில்லை. நீரிழிவு நோயாளி உரிய வேளையில் உண்ணாவிடில் உடல் பொறுப்பதில்லை. இரண்டாவது, பிறர் காலம். பள்ளிவாசலிற் காத்திருக்கும் குழந்தையும், புறப்பட நிற்கும் பேருந்தும், கூட்டத்துக்கு வந்து அமர்ந்திருப்போரும் இதற்குரியோர். மூன்றாவது, வழக்கின் காலம். பொழுது விடியுமுன் முற்றம் கூட்டவேண்டும், எட்டு மணிக்குமுன் குளித்துவிடவேண்டும், இரவுப் பாத்திரத்தை இரவிலேயே கழுவவேண்டும் என்பன இவ்வகையின. திருவள்ளுவர் வினைசெயல்வகை என்னும் அதிகாரத்திலே தாழ்த்திச் செய்யத்தக்கவற்றையும் தாழ்த்தாது செய்யத்தக்கவற்றையும் வேறுபடுத்தினார் என்பதும் இங்கு நினைவுகூரற்பாலது. எல்லாக் கருமத்துக்கும் விரைவே அறம் என அவர் கூறவில்லை.

இப்பிரிவினையால் விளையும் பயன் யாதெனில், மூன்று காலங்களும் மூன்று வகையான கடமைகளைத் தோற்றுவிக்கின்றன என்பது புலப்படுதலாகும். பொருளின் காலத்தை எவராலும் வளைக்க முடியாது; ஆகவே, அங்கே கருவிகளும் துணையும் வேண்டும். பிறர் காலம் இருபக்க நீதியை வேண்டுவது; அங்கே முன்கூட்டிய உடன்பாடு வேண்டும். வழக்கின் காலமோ எவருக்கும் தீங்கின்றி விட்டுக்கொடுக்கத்தக்கது. முற்றத்தை மாலையிற் கூட்டினால் உலகம் குலைந்துவிடுவதில்லை. ஆயின், குடும்பங்களில் எழும் சச்சரவுகள் பெரும்பாலும் மூன்றாவது வகைக் காலத்தைப் பற்றியனவாகவே இருக்கின்றன. வழக்கின் காலம் பொருளின் காலமாக வேடமிட்டு வந்து ஆட்சி செய்கிறது.

'நாளொன்றுக்கு 24 மணித்தியாலம் எல்லோருக்கும் சமமே. பயன்படுத்துவதிலேயே வேறுபாடு' என்பது அறிவுரை கூறுவோர் விரும்பி எடுத்தாளும் வாக்கியம். இதனை மறுப்பதற்கு அமார்த்தியா சென் 1979இல் நிகழ்த்திய விரிவுரையொன்றின் கருத்து உதவும். சமத்துவத்தை வளங்களின் அளவைக்கொண்டு தீர்மானிக்க முடியாது. ஒரே அளவு வளத்தைக் கொண்டு ஒவ்வொருவரும் எதனைச் செய்ய இயலுகின்றனர் என்பதையும் நோக்கவேண்டும் என்பது அவரது வாதம். ஊனமுற்ற ஒருவருக்கு ஏனையோருக்குக் கிடைக்கும் அதே வருமானம் கிடைத்தாலும் அவர் அதனைக்கொண்டு ஏனையோரளவு இயங்க முடிவதில்லை என்பதனை அவர் எடுத்துக்காட்டினார். நேரமும் அத்தகைய வளமேயாகும். குளிப்புக்கும் சமையலுக்கும் உடுப்புக்கும் இரண்டு மணித்தியாலம் செலவிடுபவருக்கும், அவற்றுக்கே ஏழு மணித்தியாலம் செலவிடுபவருக்கும் 24 மணித்தியாலம் சமமன்று. இழக்கப்படும் ஐந்து மணித்தியாலமும் எங்கிருந்து எடுக்கப்படுகிறது? தூக்கத்திலிருந்தும் நட்பிலிருந்தும் வாசிப்பிலிருந்தும், சும்மா இருக்கும் இன்பத்திலிருந்துமே எடுக்கப்படுகிறது. வெளியார் காண்பது காலையிற் பிந்தி வந்தவரை மட்டுமே. அவர் பிந்தாமல் வருவதற்காக எவற்றைக் கைவிட்டார் என்பதனை அவர்கள் காண்பதில்லை. அன்றாடக் கருமம் சிறிய கருமம் என்று கருதப்படுவதனாலேயே இவ்விழப்பும் சிறியதாகக் கருதப்படுகிறது. ஆனால், வாழ்வதற்குத் தயாராவதிலேயே வாழ்நாள் கழிந்துபோவது சிறிய இழப்பு அன்று.

சட்டத்தின் மொழியில் இதற்கு ஒரு திறவுகோல் உண்டு. 2006இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்று, 2016இல் இலங்கை ஏற்புறுதி செய்த வலுவிழந்தோர் உரிமைச் சமவாயம், 'நியாயமான இசைவாக்கம்' என்னும் கருத்தை வரைவிலக்கணப்படுத்தியுள்ளது. பிறர்மீது அளவுமீறிய சுமையை ஏற்றாத வகையில், தேவையான மாற்றங்களைச் செய்து கொடுத்தல் என்பது அதன் பொருள். 'நியாயமான நேரம்' என்னும் தொடரில் நியாயம் தனியொருவரை நோக்கிக் கேட்கப்படுகிறது. 'நியாயமான இசைவாக்கம்' என்னும் தொடரில் அதே நியாயம் சூழலை நோக்கிக் கேட்கப்படுகிறது. இலங்கையில் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமும் வேலைவாய்ப்பிலும் கல்வியிலும் வலுவிழந்தோருக்குப் பாரபட்சம் காட்டுதலைத் தடைசெய்து, பொதுக் கட்டடங்களை அவர்கள் அணுகுதற்குரிய உரிமையையும் கூறுகிறது. கட்டடத்தின் படிகள் கண்ணுக்குத் தெரிகின்றன. அவற்றின் அருகே சாய்தளம் அமைக்கலாம் எனச் சமுதாயம் மெல்ல ஒப்புக்கொண்டுள்ளது. நேரத்தின் படிகளோ கண்ணுக்குத் தெரிவதில்லை. பரீட்சை மண்டபத்திலே மேலதிக நேரம் வழங்குதல் பல நாடுகளில் வழக்கமாகிவிட்டது. ஆனால், வாழ்க்கையின் பெரும்பகுதி பரீட்சை மண்டபத்துக்கு வெளியே, சமையலறையிலும் குளியலறையிலும் நிகழ்கிறது. அங்கே மேலதிக நேரம் வழங்குவார் எவரும் இலர்.

அங்கே வழங்கத்தக்கவை எவை? படிமுறைகளை எழுதிச் சுவரில் ஒட்டுதல், பொருள்களை மாறாத இடங்களில் வைத்தல், தெரிவுகளைக் குறைத்தல், ஒரு கருமத்தின் நடுவே பேச்சுக்கொடாது இருத்தல், தேவையற்ற கருமங்களைக் கைவிடுதல் என்பன எளியவை. இவற்றுள் மிக எளியதும் மிக அரியதும் வேறொன்று. ஒருவர் அருகே அமைதியாக இருத்தல், அல்லது உடன் எழுந்து நடத்தல், விருப்பத்துக்கும் செயலுக்கும் இடையே இல்லாத அந்தப் பாலமாக அமைகிறது என்பது ஓட்டிசமுடையோர் பலரின் அனுபவம். மன்செஸ்ரர் ஆய்விலும் வெளியிலிருந்து வரும் துணையின் இன்றியமையாமை வலியுறுத்தப்பட்டது. 'இன்னும் எழவில்லையா?' என்பதும் 'வா, எழுவோம்' என்பதும் ஒரே செயலையே நோக்கிய இரு கூற்றுக்கள். முன்னது விசாரணை, பின்னது துணை. கண்டிப்பு அச்சத்தையும், அச்சம் மேலும் உறைந்து போதலையும் விளைவிக்குமாதலால், முன்னது தான் நாடிய பயனையே கெடுத்துவிடுகிறது.

இவ்விடத்தில் எதிர்வாதம் ஒன்றை நேர்மையுடன் எதிர்கொள்ளவேண்டும். துணை நிற்பவருக்கும் 24 மணித்தியாலமே உண்டு. வீட்டிலே அத்துணையாக அமைவோர் பெரும்பாலும் தாயாகவோ சகோதரியாகவோ மனைவியாகவோ இருப்பர். அவர்களின் காத்திருப்பும் கணக்கிற் பதியப்படாத உழைப்பாகும். ஒருவரின் தாமதத்துக்கு நீதி வழங்கும் பொருட்டு மற்றொருவரின் நேரத்தைக் கேட்பாரற்ற சொத்தாகக் கொள்ளுதல் நீதியாகாது. ஆதலால், இச்சுமை குடும்பத்தினுள் ஒரு பெண்ணின் தலைமீது மட்டும் இறக்கப்படாமல், வேலைத்தலமும் அயலும் அரசும் பங்கிட்டுத் தாங்கவேண்டியதொன்றாகும். வேலை தொடங்கும் நேரத்தை இளக்குதலும், வீட்டுப் பணிக்கு உதவியாளரை வழங்குதலும் தயவுச் செயல்கள் அல்ல. நேரம் என்னும் வளத்தை நீதியாகப் பகிர்ந்தளிக்கும் முறைகளேயாகும்.

அன்றியும், தாமதம் குற்றமன்று என்பதிலிருந்து ஓட்டிசமுடையவருக்குப் பொறுப்பே இல்லை என்னும் முடிவு பெறப்படமாட்டாது. அவ்வாறு முடிவு செய்தல் அவரைப் பொறுப்பேற்கும் மனிதராக மதியாது ஒதுக்குவதாகும். சோம்பேறி என்பதிலும் அது சிறந்ததொரு மரியாதை அன்று. தமக்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்பதை அறிந்து முன்கூட்டியே கூறுதல், இயலாத நேரத்துக்கு இசைந்து வாக்களியாதிருத்தல், தமக்காகக் காத்திருந்தவரின் காத்திருப்பை மனங்கொண்டு ஒப்புக்கொள்ளுதல் ஆகியன அவராற் செய்யத்தக்கவை. ஆகவே அவருக்குரிய கடமைகள். ஆனால், உண்மையைக் கூறினால் பழிக்கப்படுவார் என்னும் நிலை நீடிக்கும்வரை எவரும் உண்மையான நேரத்தைக் கூறத் துணியார். 'பத்து நிமிடத்தில் வருகிறேன்' என்னும் பொய், கேட்பவரின் பொறுமையின்மையும் சேர்ந்து ஈன்ற பொய்யாகும். உண்மை கூறும் கடமை ஒருபுறம் இருக்க, உண்மையைக் கூறக்கூடிய சூழலை ஆக்கும் கடமை மறுபுறம் உள்ளது.

தொகுத்து நோக்குமிடத்து, ஓட்டிசமுடைய வளர்ந்தோரின் தாமதம் விருப்பத்தின் குறைபாடு அன்று. ஆதலின் அது ஒழுக்கக் குற்றம் அன்று. அத்தாமதத்தை அளக்கும் கோல் ஒரு பகுதி பொருள்களின் இயல்பாலும், ஒரு பகுதி பிறரின் உரிமையாலும், பெரும்பகுதி வழக்கத்தாலும் ஆக்கப்பட்டது. வழக்கத்தால் ஆகிய பகுதியை இளக்குதல் எவருக்கும் இயலும்; அதற்குப் பெரும் பொருட்செலவும் வேண்டுவதில்லை. எஞ்சிய சுமையைப் பங்கிடுதல் சமுதாயத்தின் கடன். அடைத்த கதவொன்றின் பின்னே நீர் விழும் ஓசை நெடுநேரம் கேளாதிருக்கும்போது, வெளியே நிற்பவர் கதவைத் தட்டிக் கடிந்துகொள்ளலாம். அல்லது, துவாய் உரிய இடத்தில் இருக்கிறதா என்று கேட்கலாம். இவ்விரண்டுள் எதனைத் தெரிகிறார் என்பதிலேயே அவ்வீட்டின் அறம் தங்கியுள்ளது.